சிங்கமும் எருதும் பிரிந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதிக்கு மித்திரபேதம் என்று பெயர். உயிருக்கு உயிராகப் பழகிய சிங்கத்தையும் எருதையும் ஒரு நரி பிரித்து, ஒருவன் கையாலேயே மற்றவனைக் கொல்லவைக்கும் கதை. பல ஆண்டுகளாக இதைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வருகிறேன். எங்கே சொன்னாலும், முடித்தவுடன் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்து, பதில்களையும் எழுதியிருக்கிறேன். கதைக்குப் பழைய வடிவங்கள் பல உண்டு. வேறுபாடு முக்கியமான இடங்களில் மட்டும் அதைச் சொல்கிறேன்.

கதை மறந்துவிட்டது. முதலில் சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்ற நகரத்து வணிகன் வர்த்தமானன், சரக்கு வண்டியோடு வடக்கே மதுராவுக்குப் புறப்படுகிறான். யமுனைக் கரைக் காட்டில், வண்டி மாடுகளில் ஒன்றான சஞ்சீவகன் கால் முறிந்து விழுகிறான். வணிகன் காவலுக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிறான். காட்டில் இருக்கப் பயந்த காவலாட்கள் பின்னாலேயே போய், எருது செத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கதையின் முதல் பொய் இதுதான், சொன்னவர்கள் மனிதர்கள். சஞ்சீவகன் சாகவில்லை. ஆற்றங்கரைப் புல்லை மேய்ந்து, உடல் தேறி, காடே அதிர முழங்கிக்கொண்டு திரிகிறான்.

அந்த முழக்கத்தைக் கேட்டு மிரண்டு நிற்கிறான் காட்டரசன் பிங்கலன் என்ற சிங்கம். பதவி இழந்த அமைச்சர் குடும்பத்து நரியான தமனகன் இந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு அரசனை நெருங்குகிறான். எருதை அரசனிடம் அழைத்துவந்து, இருவரையும் நண்பர்களாக்குகிறான். நட்பு வளர வளர அரசன் மற்றவர்களை மறக்கிறான். தமனகனின் செல்வாக்கும் கைநழுவிப் போகிறது. தான் சேர்த்துவைத்த நட்பைத் தானே கோள் மூட்டி உடைக்கிறான். சிங்கம் எருதைக் கொல்கிறது. தமனகன் அமைச்சனாகிறான்.

நரிகளில் எவன் நல்லவன், எவன் கெட்டவன்? பெயர் எப்போதும் குழம்புகிறது.

திட்டம் போடுகிறவன் தமனகன். வேண்டாம் என்று புத்தி சொல்கிறவன் கரடகன். இருவரும் அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள். பதவி போய்விட்டது, அரண்மனை வாசலை விட்டுப் போக மனம் வரவில்லை. அரசன் தின்ற மிச்சம் கிடைக்கிறதே, அது போதாதா என்கிறான் கரடகன். வயிற்றை நிரப்பத்தான் அரசனிடம் இருக்கிறோமா என்று சீறுகிறான் தமனகன். கெட்டவன் யார் என்பதில் சந்தேகமில்லை. நல்லவன் என்று கரடகனைச் சொல்லலாமா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காட்டுக்கே அரசன், ஒரு மாடு கத்தியதற்கா பயந்தான்?

பயந்தான். அதை மறைக்கப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தண்ணீர் குடிக்க யமுனைக்கு வந்தவன், இதுவரை கேட்டிராத அந்த ஓசையைக் கேட்டதும் குடிக்காமலே திரும்பிவிடுகிறான். ஓர் ஆலமரத்தடியில் தன்னைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. தூரத்திலிருந்தே தமனகன், அரசன் பயந்திருக்கிறான் என்று சொல்லிவிடுகிறான். உனக்கு எப்படித் தெரியும் என்கிறான் கரடகன். வாய்விட்டுச் சொன்னால் மிருகத்துக்கும் புரியும். சொல்லாததை முகத்திலும் நடையிலும் படிப்பவன்தான் அறிவாளி என்கிறான் தமனகன்.

பிறகு அரசன் முன்னால் போய் நின்று அவன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் குடிக்க வந்தவர் குடிக்காமல் ஏன் நின்றுவிட்டீர்கள்? ஒன்றுமில்லை என்கிறான் பிங்கலன். சொல்லக்கூடாத விஷயமென்றால் வேண்டாம் என்று தமனகன் பின்வாங்குகிறான். அந்தப் பின்வாங்கலில்தான் சிங்கம் விழுகிறது. மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறது. அரசனின் பயம் வேறு எவருக்கும் தெரியாது, இவன் ஒருவனுக்குத் தெரியும். தமனகனுக்குப் பதவி அந்த நிமிடமே கிடைத்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். உடலைப் பார்த்து மனதைப் படிக்கும் இந்தத் திறமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொலைக்கும் இதுவே கருவியாகப்போகிறது.

சிங்கத்துக்கும் எருதுக்கும் நட்பு என்றால், சிங்கம் எதைத் தின்றது?

குழந்தைகள் முதலில் கேட்கும் கேள்வி இது. மிகச் சரியான கேள்வியும்கூட. சஞ்சீவகன் ஊரில் வளர்ந்தவன், நாலும் தெரிந்தவன். அவனோடு பேசிப் பேசிப் பிங்கலன் காட்டு இயல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, நாட்டு இயல்புக்கு மாறுகிறான். வேட்டை குறைகிறது. இருவரும் தனியே உட்கார்ந்து பேசுகிறார்கள். மற்ற விலங்குகள் எட்டி நிறுத்தப்படுகின்றன.

சிங்கம் வேட்டையாடவில்லை என்றால், சிங்கம் விட்ட மிச்சத்தை நம்பி வாழ்கிறவர்கள் கதி என்ன? நரிகள் உட்பட மொத்தப் பரிவாரமும் பட்டினி கிடக்கிறது. இதே கதையைப் பிற்காலத்தில் நாராயணர் தம் இதோபதேசத்தில் சொல்லும்போது காரணத்தை இன்னும் கூர்மையாக்குகிறார். அங்கே சிங்கத்தின் தம்பி ஸ்தப்தகர்ணன் வந்து பார்த்து, உணவுக் கணக்கை நரிகளிடம் விடாதே, புல் தின்னும் எருதிடம் கொடு என்கிறான். இறைச்சிக் கிடங்குக்கு இறைச்சி தின்னாதவன் அதிகாரி ஆகிறான். திருட்டு நிற்கிறது, பகை தொடங்குகிறது.

அப்படியென்றால் தமனகன் பக்கமும் நியாயம் இருக்கிறதுதானே? பசியில் செய்தான்.

பசி உண்மை. அதைக் கதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம். இரண்டு பேருடைய நட்பு அவர்களுக்கு இனிமையாக இருக்கும் அதே நேரத்தில், வெளியே நிற்பவர்களின் தட்டு காலியாக இருக்கலாம். அதைப் பற்றி அரசனிடம் முறையிட ஒருவருக்கும் வழியில்லாமல் போனது பிங்கலனின் ஆட்சியில் பெரிய ஓட்டை.

ஆனால் தமனகன் முறையிடவே இல்லை. அரசனோடு தனியே பேசும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. அதில், எல்லாரும் பசியாக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. உன் நண்பன் உன் சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறான் என்று சொன்னான். பசியைத் தீர்ப்பது அவன் நோக்கமாக இருந்திருந்தால் முதல் வாக்கியம் போதும். இழந்த இடத்தைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டது. இதெல்லாம் நாமே இழுத்துவிட்டுக்கொண்ட வினை என்று கரடகனிடம் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். முட்டிக்கொள்ளும் இரண்டு ஆட்டுக்கடாக்களுக்கு நடுவே சிந்திய ரத்தத்தை நக்கப் போய் நசுங்கிச் செத்த நரியின் கதையை அவனே சொல்கிறான். சொல்லிவிட்டு, தானும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே போய் நிற்கிறான்.

ஒரே நரி சொன்ன பொய்யை இரண்டு பேரும் எப்படி நம்பினார்கள்? அவ்வளவு முட்டாள்களா?

முட்டாள்கள் அல்ல. கதையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. மெதுவாகப் படிக்க வேண்டும். தமனகன் முதலில் சிங்கத்திடம் போய், சஞ்சீவகன் உங்களைக் கொல்ல நினைக்கிறான் என்கிறான். பிங்கலன் உடனே நம்பவில்லை. நான் அபயம் கொடுத்தவன், என் நண்பன், அவனுக்கு ஏன் என்மேல் பகை என்று மறுக்கிறான். சில வடிவங்களில், தான் வளர்த்தது நச்சு மரமாகவே இருந்தாலும் தானே வெட்டக்கூடாது என்றுகூடச் சொல்கிறான். பிறகு தமனகன் எருதிடம் போய், அரசன் உன்னைக் கொன்று பரிவாரத்துக்கு விருந்து வைக்கப்போகிறான் என்கிறான். சஞ்சீவகனும் தடுமாறுகிறான், நான் என்ன தவறு செய்தேன் என்று தேடுகிறான்.

இந்தத் தயக்கத்தைத் தமனகன் எதிர்பார்த்தே வந்திருக்கிறான். என்னை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருவருக்கும் அடையாளம் சொல்லிக் கொடுக்கிறான். சிங்கம் கண் சிவந்து, காது விறைத்து, வாலைத் தூக்கி உன்னையே உற்றுப் பார்த்தால் புரிந்துகொள் என்று எருதிடம். எருது வழக்கம்போல் வராமல், கொம்பை முட்டுவதற்குத் தோதாக வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்து வந்தால் புரிந்துகொள் என்று சிங்கத்திடம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட எருது எப்படி நடந்து வரும்? தயங்கி, தலை தாழ்த்தி, கொம்பை முன்னால் வைத்துத்தான் வரும். தாக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட சிங்கம் எப்படி உட்கார்ந்திருக்கும்? விறைத்துத்தான் உட்கார்ந்திருக்கும். இருவரும் கண்டது பயத்தின் அடையாளம். படித்தது பகை என்று. ஒவ்வொருவனும் தன் கண்ணாலேயே சாட்சி கண்டுவிட்டான். அதன் பிறகு நரியின் வார்த்தை தேவையே இல்லை. ஆலமரத்தடியில் அரசனின் பயத்தைப் படித்த அதே கலைதான் இது. அன்று அவன் படித்தான். இன்று தவறாகப் படிக்க மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டான்.

ஒரு வார்த்தை நேரில் கேட்டிருந்தால் முடிந்திருக்குமே. ஏன் கேட்கவில்லை?

கேட்க முடியாதபடிதான் செய்தி கொடுக்கப்பட்டது. எருதிடம் பேசும்போது, அரசனின் ரகசியத்தை வெளியே சொல்வது அமைச்சனுக்கு அழகல்ல, உன்னை இங்கே அழைத்து வந்தவன் என்ற கடமைக்காகச் சொல்கிறேன் என்று பீடிகை போடுகிறான் தமனகன். அதற்குப் பிறகு சஞ்சீவகன் அரசனிடம் கேட்டால், தனக்கு உதவி செய்தவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நன்றியுள்ளவன் என்பதால் அவன் வாய் அடைக்கப்பட்டது. சிங்கத்தின் வாயை அடைத்தது வேறொன்று: அரசன் பயத்தை வெளியே காட்டக்கூடாது என்ற பழைய வீம்பு. முதல் நாள் தண்ணீர் குடிக்காததற்கு ஒன்றுமில்லை என்றானே, அதே வீம்புதான்.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் 510ஆம் குறளில் ஒரே மூச்சில் சொல்கிறார். பிங்கலன் இரண்டையும் செய்தான். தமனகனை ஆராயாமல் நம்பினான். நன்றாகத் தெரிந்த சஞ்சீவகனைச் சந்தேகித்தான்.

எருது ஓடிப்போயிருக்கலாமே?

யோசித்தான். எங்கே ஓடினாலும் அரசனின் கை நீளும் என்று பயந்தான். சாவு நிச்சயமென்றால் எதிர்த்து நின்றே சாகலாம் என்ற முடிவுக்கு வந்தான். எனக்கு அதைவிட வலிப்பது வேறொன்று. அரசன் நல்லவன், சுற்றியிருப்பவர்கள்தான் அவன் மனதைக் கெடுத்திருப்பார்கள் என்று சஞ்சீவகன் சரியாகவே ஊகிக்கிறான். அதற்கு உதாரணமாக ஒட்டகத்தின் கதையையும் சொல்கிறான். ஒரு சிங்கம் ஒட்டகத்துக்கு அபயம் கொடுக்கிறது. பஞ்சம் வந்ததும் காகம் முதலியவர்கள் ஒவ்வொருவராக, என்னைத் தின்னுங்கள் என்று நடிக்கிறார்கள். அதை நம்பி ஒட்டகமும் அப்படியே சொல்கிறது. அதை மட்டும் கொன்றுவிடுகிறார்கள்.

கதை அத்தனை பொருத்தம். காகம் யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அதை அவன் சொல்லிக்கொண்டிருப்பதே தமனகனிடம்தான்.

கரடகனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். அவன் ஏன் அரசனிடம் போய்ச் சொல்லவில்லை?

முன்பு தள்ளிவைத்த கேள்வி இது. கரடகன் புத்திசாலி, நாகரிகமானவன், அறம் தெரிந்தவன். தொடக்கத்திலேயே, தனக்குச் சம்பந்தமில்லாத ஆப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு செத்த குரங்கின் கதையைச் சொல்லித் தமனகனை எச்சரிக்கிறான். சிங்கமும் எருதும் மோதும்போது கடுமையாகத் திட்டுகிறான். நீ அமைச்சனாக இருந்தால் இந்த அரசு உருப்படுமா என்று கேட்கிறான். சொன்னதெல்லாம் சரி. சொன்ன இடம்தான் தவறு. பேச வேண்டியவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், குற்றவாளியிடமே நீதி பேசிக்கொண்டிருந்தான்.

திட்டம் வென்றால் அவனுக்கும் பழைய பதவி, பழைய பங்கு. தோற்றால், நான் அப்போதே சொன்னேன் என்று தள்ளி நின்றுகொள்ளலாம். சொல்லும் ஒவ்வொரு முறையும் கேட்பவர்களில் யாராவது அவனை நல்லவன் என்பார்கள். அவன் எருதுக்கு என்ன உதவி செய்தான் என்று திருப்பிக் கேட்பேன். கதை முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

நடுநடுவே ஏன் இத்தனை கிளைக்கதைகள்? முக்கியக் கதையே மறந்துபோகிறது.

அவற்றைத் தனித்தனி நீதிக்கதைகளாகப் படித்துப் பழகிவிட்டதால் வரும் சிரமம். யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் எந்தக் கதையும் உபரியாகத் தெரியாது. முயல் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய கதையைச் சிறுவயதில் கைதட்டிக் கேட்டிருப்போம். மித்திரபேதத்தில் அதைச் சொல்பவன் தமனகன். பலசாலியையும் தந்திரத்தால் வீழ்த்தலாம் என்று கரடகனுக்கு நிரூபிக்கச் சொல்கிறான். கொக்கை நண்டு கொன்ற கதையும் அந்தப் பேச்சில்தான் வருகிறது. எளியவர்களின் வெற்றியைக் கொண்டாடும் கதைகளை ஒரு சதிகாரன் தனக்கு ஆதாரமாக்கிக்கொள்கிறான்.

சிங்கத்திடம் சொல்லும்போது கதைகள் மாறுகின்றன. வந்தேறி மூட்டைப்பூச்சிக்கு இடம் கொடுத்ததால் செத்த பேனின் கதை. சாயத்தொட்டியில் விழுந்து நீலமாகி அரசனான நரி, தன் இனத்தை ஒதுக்கி வெளியாரைச் சேர்த்துக்கொண்டு அழிந்த கதை. இரண்டும் அந்நியனை நம்பாதே என்று சொல்பவை. அந்நியன் யார் என்று சிங்கத்துக்குப் புரியும். நீலநரிக் கதை பொய் வேஷத்தைப் பற்றியது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தமனகன் வாயில் அது ஓர் அகதிக்கு எதிரான வாதம்.

கொன்றது சிங்கம். பழி முழுவதையும் நரிமேல் போடுவது சரியா?

சரியல்ல. சஞ்சீவகன் தானாக அரண்மனைக்கு வரவில்லை. அபயம் உண்டு என்ற அரசனின் வாக்கை நம்பி வந்தவன். அபயம் கொடுத்தவன், அதை மீறுவதற்கு முன் விசாரித்திருக்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவன் ஒருவன். சாட்சி வேறு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. தமனகனுக்கு இருந்தது நாக்கு மட்டும்தான். நகமும் பல்லும் பிங்கலனுடையவை.

கொன்ற பிறகு பிங்கலன் அழுகிறான். ரத்தம் படிந்த உடம்போடு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று புலம்புகிறான். தமனகன் பக்கத்தில் வந்து, பகைவனைக் கொன்றதற்கு அரசன் வருந்தலாமா என்று தேற்றுகிறான். சிங்கம் தேறிவிடுகிறது. கொலையைவிட இந்தத் தேறுதல்தான் என்னை அதிகம் சங்கடப்படுத்துகிறது. வருத்தம் உண்மையாக இருந்தும், அது யார் சொல்லி நடந்தது என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவனைக் கொண்டுபோகவில்லை.

நான் படித்த புத்தகத்தில் தமனகனுக்கு மரண தண்டனை கிடைக்கிறதே?

நீங்கள் படித்தது அரபு வழியில் வந்த வடிவமாக இருக்கும். பாரசீகப் பேரரசர் குஸ்ரோ அனுஷிர்வான் (ஆட்சிக்காலம் 531–579) காலத்தில், புர்ஸோய் என்ற மருத்துவர் இந்தக் கதைகளைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபுக்கு மாற்றினார். கரடகனும் தமனகனும் அங்கே கலீலா, திம்னா ஆனார்கள். நூலுக்கே அவர்கள் பெயர்தான்.

அரபு நூலில் திம்னாவின் விசாரணை என்று ஒரு புதிய அத்தியாயம் உண்டு. இரு நரிகளும் பேசியதைக் கேட்டுவிட்ட சிறுத்தை, அதைச் சிங்கத்தின் தாயிடம் சொல்கிறது. வழக்கு நடக்கிறது, திம்னா சாமர்த்தியமாக வாதாடுகிறான், கலீலா நடுவிலேயே இறந்துபோகிறான், கடைசியில் திம்னாவுக்கு மரணம். இந்த அத்தியாயத்தைச் சேர்த்தவர் இப்னு அல் முகஃபாதான் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. தண்டனை இல்லாமல் கதையை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு அவரே அதிகாரத்தில் இருந்தவர்களால் கொல்லப்பட்டார். சம்ஸ்கிருத வடிவத்தில் பிங்கலனுக்கு உண்மை தெரியவருவதே இல்லை.

யார் எழுதியது? எவ்வளவு பழையது? தமிழுக்கு எப்போது வந்தது?

விஷ்ணு சர்மா என்ற முதிய அறிஞர் சொன்னதாக நூலே சொல்கிறது. மகிளாரோப்பியத்து அரசன் அமரசக்தியின் மூன்று மக்குப் பிள்ளைகளை ஆறே மாதத்தில் அரசியல் தெரிந்தவர்களாக்குகிறேன் என்று சபதம் செய்து கதைகளைத் தொடங்குகிறார். 6ஆம் நூற்றாண்டில் பாரசீகம் போய்விட்டது என்றால் அதற்கு முன்பே புகழ்பெற்றிருக்க வேண்டும். பூர்ணபத்திரர் என்ற ஜைனத் துறவி 1199-இல் விரிவாகத் திருத்தி எழுதிய வடிவமும் பெயர்பெற்றது. தமிழ் உரைநடையில் பரவலாகப் படிக்கப்பட்டது, தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்து 1826-இல் வெளிவந்த பஞ்சதந்திரம்.

எருது வராமலே இருந்திருந்தால் காடு ஒற்றுமையாக இருந்திருக்குமா?

சிலர் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்கிறார்கள்: வெளியிலிருந்து ஒருவன் வந்தான், அமைதி போயிற்று. இதை நான் ஏற்கவில்லை. எருது வருவதற்கு முன் அந்தக் காட்டில் இருந்தது என்ன? பயத்தை ஆலமரத்தடியில் மறைக்கும் அரசன், மிச்சத்துக்குக் காத்திருக்கும் பரிவாரம், பதவிக்குப் பொருமும் நரி. இது ஒற்றுமை என்றால், வாய் திறக்காமல் இருப்பதற்கெல்லாம் ஒற்றுமை என்று பெயர் வைக்கலாம்.

புல் தின்னியும் ஊன் தின்னியும் நிம்மதியாக உட்கார்ந்து பேசிய கொஞ்ச காலம்தான் அந்தக் காட்டில் கிடைத்த ஒரே நல்ல காலம். அதில் ஒரு குறை இருந்தது. மேலே பசி பற்றிய பதிலில் சொன்னேன். அரசன் நண்பனைச் சேர்த்துக்கொண்டபோது மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தால், அவர்கள் பசியும் அவன் காதுக்கு வந்திருக்கும். தமனகனுக்கு வேலையே இருந்திருக்காது.

கெட்டவன் ஜெயிக்கும் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். முடிவை மாற்றிச் சொல்லாதீர்கள். தமனகன் அமைச்சனாகிறான் என்று நிறுத்தியதும் குழந்தைகளுக்கு வரும் கோபம் மிக நல்ல கோபம். அதைச் சமாதானம் செய்து அணைத்துவிடக் கூடாது. எட்டு வயதுக்கு மேல் இருந்தால், எருதும் சிங்கமும் நேருக்கு நேர் வரும் இடத்தில் நிறுத்தி, நீ எருதாக இருந்தால் எப்படி நடந்து போவாய் என்று நடித்துக்காட்டச் சொல்லுங்கள். தலை குனிந்து பதுங்கித்தான் வருவார்கள். அதைப் பார்த்த சிங்கம் என்ன நினைக்கும் என்று அடுத்துக் கேளுங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

சஞ்சீவகன் உண்மையிலேயே சதி செய்திருந்தால்? எச்சரிப்பது அமைச்சன் கடமைதானே? எச்சரிக்கைக்கும் கோளுக்கும் என்ன வேறுபாடு?

எச்சரிப்பது கடமைதான், அரசனுக்குப் பிடிக்காததையும் நல்ல அமைச்சன் சொல்ல வேண்டும் என்று நூலே பல இடங்களில் சொல்கிறது, தமனகனும் அந்த வாசகங்களை மேற்கோள் காட்டித்தான் பேசுகிறான். ஆகவே பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவன் செய்ததைப் பாருங்கள். இருவரிடமும் தனித்தனியே பேசினான். இருவரும் சேர்ந்திருக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விசாரணைக்கு வழி சொல்லாமல், அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தான். ஒருவன் அழிந்தால் காலியாகும் இடத்துக்கு அவனே முதல் ஆளாக நின்றான்.

உண்மையான எச்சரிக்கை என்றால், சஞ்சீவகனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேளுங்கள் என்று சொல்லத் தமனகனுக்குத் தடை ஏதும் இருந்திருக்காது. பிங்கலனுக்கும் இன்னொரு வழி இருந்தது: இதே செய்தியைப் பற்றிக் கரடகனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தானாக வந்து பேசத் துணிவில்லாத கரடகன், அரசன் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பானா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சொல்லியிருக்க மாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனது பாரமாகிவிட்டது. அடுத்து எதைப் படிக்கலாம்?

அடுத்த பகுதியான மித்திரலாபத்தைப் படியுங்கள். காகம், எலி, ஆமை, மான் ஆகிய நால்வரின் நட்பு. அதில் இலகுபதனன் என்ற காகம், ஹிரண்யகன் என்ற எலியிடம் நட்புக் கேட்டு வருகிறது. எலி வளைக்கு உள்ளேயே இருந்துகொண்டு, நீ என்னைத் தின்கிறவன், நான் உனக்கு இரை, நமக்குள் நட்பு எப்படி என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறது. இருவரும் வாதம் செய்கிறார்கள். வாதம் முடிந்த பிறகுதான் நட்பு தொடங்குகிறது. நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. சிறுவர்களுக்குச் சொல்வதாக இருந்தால் இதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு சிங்கத்தின் கதைக்கு வாருங்கள். இதோபதேசம் எழுதிய நாராயணரும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறார்.